வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோம்: இழந்தவற்றை விட்டுத் தெரிந்தவற்றைச் சொல்வோம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில், முப்பது வயதை நெருங்கிய தம்பி ஒருவர் எமது பணிமனைக்கு வந்தார். விதை நெல் உற்பத்தி செய்யும் பண்ணை ஒன்றுக்கு வெளிக்கள உதவியாளர் தேவை எனப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. அதற்கு விண்ணப்பிக்க நற்சாட்சிப் பத்திரம் ஒன்று வேண்டும் என்றார். தாம் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தையும் எம்மிடம் நீட்டினார்.

அதை வாசித்தோம். ஒன்றரைப் பக்கக் கடிதம். தமது குடும்பம் எத்தனை முறை இடம்பெயர்ந்தது, வயலும் வீடும் எவ்வாறு கைவிட்டுப் போயின, தகப்பனார் எப்படி நோயாளியானார், தங்கைமார் எத்தனை பேர் என்பனவெல்லாம் அதில் இருந்தன. “ஏழை எனது நிலைக்கு இரங்கி, கருணை கூர்ந்து ஏதாவது ஒரு வேலை தந்துதவும்படி தாழ்மையுடன் மன்றாடுகிறேன்” என்று முடிந்திருந்தது. கூடவே இருந்த சுயவிபரக் கோவையில் ‘தொழில் அனுபவம்’ என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் கீறப்பட்டிருந்தது.

“ஏன் இதில் ஒன்றும் எழுதவில்லை?” என்று கேட்டோம்.

“வேலை எண்டு ஒண்டும் செய்யேல்லை, பாதர். நாங்கள் வயல்தானே செய்தனாங்கள்” என்றார்.

பன்னிரண்டு வயதிலிருந்து தகப்பனாருடன் வயலில் இறங்கியவர் அவர். நெல் விதைப்பவர்களுக்கு உதவியாளர் தேடும் பண்ணைக்கு விண்ணப்பிக்கிறார். ஆயினும் தமக்கு அனுபவம் இல்லை என்கிறார். அன்று அவரிடம் கண்ட இந்தத் தயக்கத்தை இன்றும் பலரிடம் காண்கிறோம். அதனால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

இரு வகைத் தாள்கள்

இடம்பெயர்ந்த எமது மக்கள் எழுதப் பழகாதவர்கள் அல்லர். 1990 தொடக்கம் 2009 வரையான காலத்திலும் அதன் பின்னரும் அவர்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. உலருணவு நிவாரணத்திற்கு ஒரு படிவம், தற்காலிகக் கொட்டிலுக்கு ஒரு படிவம், மீள்குடியேற்றத்திற்கு ஒன்று, வீட்டுத்திட்டத்திற்கு ஒன்று, இழப்பீட்டுக்கு ஒன்று. இவை யாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: உங்களிடம் எது இல்லை? எதை இழந்தீர்கள்? அதிகம் இழந்தவரின் பெயர் பட்டியலில் மேலே வரும். அது நியாயமான ஒழுங்குதான். நிவாரணம் தேவைக்கே கொடுக்கப்பட வேண்டும்.

வேலை விண்ணப்பம் வேறு வகையான தாள். அதை வாசிப்பவருக்குச் செய்விக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அவர் மனதில் இருப்பவை மூன்று கேள்விகள். இவருக்கு இந்த வேலை தெரியுமா? ஒழுங்காக வருவாரா? இவர் சொல்வதை நம்பலாமா? இம்மூன்றுக்கும் பதில் இல்லாத கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ஒதுக்கி வைக்கப்படும். வாசித்தவர் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணவேண்டாம். அவர் தேடியது அக்கடிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வருடக்கணக்காக நிவாரணப் படிவம் எழுதிய கை, வேலை விண்ணப்பத்தையும் அதே பாணியில் எழுதிவிடுகிறது. இப்பழக்கத்தை மாற்றுவதுதான் முதற்படி. மற்றவை எல்லாம் எழுத்து ஒழுங்குகள், இலகுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வெறுந்தாள்

உடனே விண்ணப்பம் எழுதத் தொடங்காதீர்கள். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, வீட்டில் உள்ளவர்களுடன் கூடியிருந்து, ஒரு வெறுந்தாளில் பின்வருவனவற்றைக் குறியுங்கள். உங்களுக்கு மறந்துபோனதை மனைவியோ தாயாரோ நினைவுபடுத்துவார்கள்.

1. பயிர்: எந்தெந்தப் பயிர்கள் செய்தீர்கள்? எத்தனை ஏக்கர் அல்லது எத்தனை பரப்பு? எத்தனை போகம்? நாற்றுமேடை, பசளை, கிருமிநாசினி, தண்ணீர் கட்டுதல், அறுவடை ஆகியவற்றில் எவை உங்கள் பொறுப்பில் இருந்தன?

2. இயந்திரம்: நீர்ப்பம்பி, தெளிகருவி, இரண்டு சில்லு உழவு இயந்திரம், நான்கு சில்லு உழவு இயந்திரம் என்பவற்றில் எதை இயக்குவீர்கள்? எதை, எந்த அளவுக்குத் திருத்துவீர்கள்? பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எம்மவர்கள். அதைச் செய்தவருக்கு இயந்திரத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

3. கால்நடை: மாடு, ஆடு, கோழி எத்தனை வளர்த்தீர்கள்? பால் எங்கு கொடுத்தீர்கள்? நோய்க்கு மருந்து கொடுக்கப் பழகியதுண்டா?

4. கணக்கும் விற்பனையும்: சந்தையில் விற்றவர் யார்? கடன் கணக்கு எழுதியவர் யார்? கூலிக்கு ஆட்களை அழைத்து வேலை வாங்கியவர் யார்?

5. பொதுப்பணி: கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றில் என்ன பதவி வகித்தீர்கள்? எத்தனை வருடம்?

6. முகாம் காலம்: நலன்புரி நிலையத்தில் இருந்தபோது பங்கீட்டுப் பட்டியல் எழுதினீர்களா? பொதுச் சமையலறையை நடத்தினீர்களா? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்களா?

பெண்கள் இத்தாளை நிரப்பும்போது இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தாங்கள் செய்தவற்றை ‘வீட்டு வேலை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதே அவர்களின் வழக்கம். போரின் பின்னர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பல சகோதரிகள் கூலியாட்களை நடத்தி, வங்கியில் கடன் பெற்று, தவணை தவறாது கட்டி முடித்திருக்கிறார்கள். இவை எந்த நிறுவனமும் மதிக்கக்கூடிய திறமைகள்.

அளவோடும் காலத்தோடும் எழுதுதல்

வெறுந்தாளில் குறித்தவற்றைச் சுயவிபரக் கோவைக்குக் கொண்டுவரும்போது அளவும் காலமும் சேரவேண்டும். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

“தோட்டம் செய்தேன்” என்பதற்குப் பதிலாக: “தகப்பனாருடன் சேர்ந்து 2 ஏக்கரில் 6 வருடங்கள் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டேன். நாற்று நடுதல், பசளையிடல், மருந்து தெளித்தல் என்பன என் பொறுப்பில் இருந்தன.”

“மெசின் வேலை தெரியும்” என்பதற்குப் பதிலாக: “இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை 4 வருடங்கள் இயக்கினேன். எண்ணெய் மாற்றுதல், பெல்ட் மாற்றுதல், வடிகளைச் சுத்தம் செய்தல் ஆகியவற்றை நானே செய்வேன். இயந்திரத்தை முழுமையாகக் கழற்றிப் பூட்டும் பயிற்சி இல்லை.”

“சங்கத்தில் இருந்தேன்” என்பதற்குப் பதிலாக: “42 அங்கத்தவர்கள் உள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 3 வருடங்கள் பொருளாளராக இருந்தேன். காசேடு எழுதி, மாதாந்தச் சேமிப்பை வங்கியில் வைப்பிலிட்டு வந்தேன்.”

இரண்டாவது உதாரணத்தின் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். தமக்குத் தெரியாததையும் அவர் சொல்லிவிடுகிறார். இதனால் அவருக்கு நட்டம் இல்லை. அதை வாசித்த முகாமையாளர் அதற்கு முன்னுள்ள வசனங்களையும் நம்புவார். மாறாக, எல்லாம் தெரியும் என எழுதிவிட்டு, நேர்முகப் பரீட்சையில் முதற் கேள்விக்கே விழித்தால் உண்மையாகத் தெரிந்தவையும் பொய்யாகிவிடும். இல்லாத சான்றிதழையோ, பெறாத சித்தியையோ ஒருபோதும் எழுதாதீர்கள். வேலை கிடைத்த பின்னரும் சான்றிதழ்கள் பரிசீலிக்கப்படும். பொய் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த வேலை போவதோடு மட்டும் காரியம் முடியாது.

சுயவிபரக் கோவையின் ஒழுங்கு

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கங்கள் போதும். பின்வரும் ஒழுங்கு யாவர்க்கும் பொருந்தும்.

1. முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. பெயரும் பிறந்த திகதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் உள்ளவாறே இருக்கவேண்டும். எழுத்து வேறுபாடு இருந்தால் விண்ணப்பிக்க முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

2. கல்வி. க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் ஆகியவற்றிற்குத் தோற்றிய வருடம், சுட்டெண், பாடங்கள், பெறுபேறுகள். சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர் அதை அப்படியே எழுதலாம், வெட்கப்பட ஏதுமில்லை.

3. பயிற்சிகள். ஒரு நாள் பயிற்சியாயினும் பயிற்சியின் பெயர், நடத்திய நிறுவனம், வருடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

4. தொழில் அனுபவம். மேலே சொன்னவாறு அளவோடும் காலத்தோடும். அண்மையில் செய்த வேலை முதலில் வரட்டும். கூலி வேலையும் வேலைதான்.

5. மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றில் எதைப் பேசுவீர்கள், எதை எழுதுவீர்கள் எனத் தனித்தனியே சொல்லுங்கள்.

6. சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால், எந்த வகை வாகனங்களுக்கு என்ற விபரம்.

7. உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய, உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கம். அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர், பாடசாலை அதிபர், முன்னர் வேலை செய்வித்த முதலாளி ஆகியோர் பொருத்தமானவர்கள்.

இறுதியில், “மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும் உண்மையானவை” என ஒரு வசனம் எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் இடுங்கள்.

இடம்பெயர்ந்த வருடங்களை என்ன செய்வது?

இது பலரும் எம்மிடம் கேட்கும் கேள்வி. 2008இல் பாடசாலையை விட்டவர், 2011இல்தான் மீண்டும் ஒரு வேலையைத் தொடங்கியிருப்பார். இடையில் உள்ள வருடங்களை மறைக்க முற்பட்டால், வாசிப்பவர் வேறு ஏதோ நினைப்பார். முழுக் கதையையும் எழுதினால் விண்ணப்பம் திரும்பவும் நிவாரணப் படிவமாகிவிடும். ஒரே ஒரு வரி போதும்:

“2008 – 2010: போர் காரணமாக இடம்பெயர்ந்து நலன்புரி நிலையத்தில் வசித்தேன். இக்காலத்தில் 60 குடும்பங்களின் உலருணவுப் பங்கீட்டுப் பட்டியலை எழுதிப் பேணினேன்.”

அங்கே ஒரு பொறுப்பும் வகிக்காதவர் முதல் வசனத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நேர்முகப் பரீட்சையில் அதைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். சொல்ல விரும்பாத துயரங்களைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் இழப்புகள் உங்களுடையவை. அவற்றை ஒரு வேலைக்காக அந்நியர் மேசையில் விரித்து வைக்கத் தேவையில்லை.

ஆவணங்கள் தொலைந்திருந்தால்

ஓடும்போது ஆவணப் பையைத் தவறவிட்டவர்கள் எம்மில் அநேகர். இதனாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவோரும் உண்டு. அது தேவையற்றது.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையில் பெறலாம். பிறந்த திகதியும் இடமும் தெரிந்திருந்தால் தேடுவது இலகு. பதிவே இல்லை எனத் தெரியவந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறுவதற்கு வழியுண்டு. அதே கிளையில் விசாரியுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம அலுவலர் ஊடாகப் புதியதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து மீளப் பெறலாம். இப்போது இணையத்தளம் மூலமும் விண்ணப்பிக்கலாம். சுட்டெண், பரீட்சை எழுதிய வருடம், எழுதிய பாடசாலை ஆகியவை தெரிந்திருந்தால் வேலை சுலபம். சுட்டெண் மறந்துவிட்டால் படித்த பாடசாலையில் கேட்டுப்பாருங்கள்.

இவற்றிற்கெல்லாம் நாட்கள் எடுக்கும். விளம்பரம் வந்த பின்னர் ஓடித்திரிந்தால் முடிவுத் திகதி கடந்துவிடும். ஆகவே வேலை தேடும் எண்ணம் வந்தவுடனேயே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

கையால் கற்ற தொழிலுக்கும் சான்றிதழ்

எந்த வகுப்புக்கும் போகாமல், தகப்பனிடமோ பக்கத்து வீட்டு மேசனிடமோ தொழில் பழகியவர்கள் பலர். அவர்களுக்கும் சான்றிதழ் பெறும் வழி நாட்டில் உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் தேசிய தொழிற்தகைமை முறை நடைமுறையில் இருக்கிறது. இதை என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்வார்கள். இதில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் தொழிற் சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமாக்கள், 7 பட்டத்திற்கு நிகரானது.

பயிற்சி நெறிக்குப் போகாதவரும் தமது அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால் பயிற்சி நெறியை முடித்தவர் பெறும் அதே வகைச் சான்றிதழ் கிடைக்கும். மேசன், தச்சு, மின்னிணைப்பு, இயந்திரத் திருத்தம் முதலிய பல தொழில்களுக்கு இவ்வசதி உண்டு. தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ விசாரியுங்கள். ‘எழுத்துச் சான்று இல்லையே’ எனத் தயங்குவோருக்கு இது நல்ல வாய்ப்பு.

விண்ணப்பக் கடிதம்

சுயவிபரக் கோவை உங்களைப் பற்றிய முழு விபரம். அதன் மேல் வைக்கும் கடிதம், குறித்த அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்பதைச் சொல்வது. ஆகவே சுயவிபரக் கோவையை ஒருமுறை நன்றாக எழுதிப் பல இடங்களுக்கு அனுப்பலாம். கடிதத்தை ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகவே எழுதவேண்டும். விளம்பரத்தில் கேட்ட தகைமைகளின் கீழ் கோடிட்டுக்கொண்டு, அவற்றில் உங்களிடம் உள்ளவற்றைக் கடிதத்தில் முதலிற் சொல்லுங்கள்.

அன்று அந்தத் தம்பியுடன் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதிய கடிதம் ஏறக்குறைய இவ்வாறு அமைந்தது:

“முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

வெளிக்கள உதவியாளர் பதவி

இம்மாதம் 4ஆம் திகதிய பத்திரிகையில் வெளிவந்த தங்கள் விளம்பரத்திற்கு அமைய, மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்கிறேன்.

எமது குடும்பத்தின் 5 ஏக்கர் வயலில் தகப்பனாருடன் 5 வருடங்கள் காலபோகமும் சிறுபோகமும் நெல் செய்தேன். 2011 முதல் பிறருடைய வயல்களில் கூலிக்கு வேலை செய்து வருகிறேன். கடந்த 4 வருடங்களாக ஒரே விவசாயியிடம் 12 ஏக்கர் வயலில் விதைப்பு, நீர்ப்பாய்ச்சல், மருந்து தெளித்தல் ஆகியவற்றைப் பொறுப்பாகக் கவனிக்கிறேன். விதை நெல்லுக்காக விட்ட வயலில் வேற்றின நெற்கதிர்களை இனங்கண்டு களையும் வேலையை இரு போகங்கள் செய்துள்ளேன்.

க.பொ.த. சாதாரண தரத்தில் 6 பாடங்களில் சித்தியடைந்துள்ளேன். வயலில் நடக்கும் வேலைகளைத் திகதிவாரியாகப் பதிந்து வைக்க என்னால் முடியும். சிங்களம் ஓரளவு பேசுவேன்; எழுதத் தெரியாது.

தாங்கள் அழைக்கும் நாளில் நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிப்பேன். எனது சுயவிபரக் கோவையும் சான்றிதழ்களின் பிரதிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,”

இதில் ‘இரங்கி’ என்ற சொல் இல்லை, ‘தாழ்மையுடன்’ என்பதும் இல்லை. ஆயினும் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அவருடைய முதற் கடிதத்தில் இருந்த எந்த உண்மையும் இங்கே மறுக்கப்படவில்லை. அக்கடிதத்தில் விடுபட்டுப் போன உண்மைகளே இங்கே எழுதப்பட்டன.

அரச வேலைக்கு விண்ணப்பிப்போர்

அரச பதவிகள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் அறிவிக்கப்படுகின்றன. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அதைப் பார்க்கலாம். மாகாண சபைக்கு உட்பட்ட பதவிகளை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு அறிவிக்கும். இவற்றுக்கு உங்கள் விருப்பப்படி கடிதம் எழுத முடியாது. அறிவித்தலில் உள்ள மாதிரிப் படிவத்தின்படியே, பெரும்பாலும் ஏ4 அளவுத் தாளில், விண்ணப்பம் தயாரிக்கவேண்டும். பின்வருவனவற்றில் தவறினால் தகைமை இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்:

கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுதல். கேட்டிருந்தால் பதிவுத் தபாலில் அனுப்புதல். கையொப்பத்தைச் சமாதான நீதவான், அரச பாடசாலை அதிபர் போன்ற, அறிவித்தலில் சொல்லப்பட்ட ஒருவர் முன்னிலையில் இட்டு அத்தாட்சிப்படுத்துதல். முடிவுத் திகதிக்கு முன்னர் கிடைக்கச் செய்தல். வயதும் தகைமையும் எந்தத் திகதியில் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

தமிழில் எழுதினால் எடுபடாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி தொடர்பான உரிமைகளை விரித்துரைத்தது. ஆகவே அரச அலுவலகத்திற்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. தனியார் நிறுவனங்களோ பெரும்பாலும் விளம்பரம் வந்த மொழியில் விண்ணப்பத்தை எதிர்பார்க்கும். பிறரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிக்கு வரி கேட்டு அறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

நற்சாட்சிப் பத்திரம் பற்றி எமது பிழை

இவ்விடயத்தில் எமது பிழையையும் சொல்லவேண்டும். பல வருடங்களாக நாம் எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. “இவர் நல்லொழுக்கமுள்ளவர், மிகவும் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், இவருக்கு உதவுமாறு வேண்டுகிறோம்.” பெயர் மட்டும் மாறும். ஒருநாள் ஒரு முகாமையாளர் சிரித்துக்கொண்டே எம்மிடம் சொன்னார்: “சுவாமி, ஒரே வேலைக்கு உங்களுடைய கடிதத்தோடு ஏழு பேர் வந்தவை. ஏழு பேரும் நல்லொழுக்கம், ஏழு பேரும் வறியவர். நான் ஆரை எடுக்கிறது?”

அன்று வெட்கப்பட்டோம். மக்களுக்கு மன்றாடக் கற்றுக் கொடுத்தவர்களுள் நாமும் அடங்குவோம் என்பது அப்போதுதான் விளங்கியது. இப்போது நற்சாட்சிப் பத்திரம் கேட்டு வருபவருடன் சிறிது நேரம் இருந்து பேசுகிறோம். எத்தனை வருடம் தெரியும், எந்தப் பொறுப்பில் பார்த்தோம், அதை எப்படிச் செய்தார் என்பதை எழுதுகிறோம். நன்றாகத் தெரியாதவருக்குத் தெரியாது என்றே சொல்கிறோம். நீங்களும் நற்சாட்சி கேட்கும்போது, உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருந்துகொண்டு உங்களை அறியாதவர் தரும் கடிதத்தை விட, உங்களை வேலைக்கு அழைத்த ஒரு கமக்காரரின் நான்கு வரிகள் மேலானவை.

இன்னும் சில குறிப்புகள்

• தெளிவான கையெழுத்தில் எழுதினாலும் போதும். தட்டச்சு செய்யுமாறு கேட்டிருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். வெட்டல், அழித்தல் இருக்கக்கூடாது.

• சான்றிதழ்களின் பிரதிகளை மட்டும் அனுப்புங்கள். மூலப் பிரதிகளை நேர்முகப் பரீட்சைக்குக் கையில் கொண்டு செல்லுங்கள். எவரிடமும் அவற்றை விட்டு வராதீர்கள்.

• விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் வீட்டில் வைத்திருங்கள். அழைப்பு வரும்போது என்ன எழுதினீர்கள் என்பது நினைவில் இருக்கவேண்டும்.

• கொடுத்த தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள். அந்தத் தொலைபேசி வீட்டில் வேறொருவர் கையில் இருந்தால், அழைப்பு வரக்கூடும் என்று அவரிடமும் சொல்லி வையுங்கள்.

• வேலை தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலையானால், முகவரிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.

காணியும் வேலையும்

இறுதியாக ஒன்று. “வேலைக்குப் போனால் காணியை விட்டுவிட்டோம் என்று ஆகாதா?” எனச் சில பெரியவர்கள் எம்மைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் மனம் எமக்குப் புரிகிறது. இன்னும் சொந்தக் காணியில் காலடி வைக்க முடியாதவர்கள் எம்மிடையே உள்ளனர். மாதச் சம்பளம் வாங்குவதால் உங்கள் காணி உரிமை இல்லாமற் போகாது. உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். காணியைக் கேட்கும் கடிதத்தைத் தொடர்ந்து எழுதுங்கள். அங்கே இழந்ததைச் சொல்லுங்கள். அங்கே அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலைக்கான கடிதத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள். இரண்டு கடிதங்களையும் ஒரே கையால் எழுதலாம். ஒன்றோடு ஒன்றைக் கலக்காதிருந்தால் போதும்.

அந்தத் தம்பிக்கு விதை நெற் பண்ணையில் வேலை கிடைக்கவில்லை. வேறொருவரை எடுத்தார்கள். நான்கு மாதங்களின் பின்னர், அதே சுயவிபரக் கோவையுடன் புதிய கடிதம் ஒன்றை எழுதி, நீர்ப்பம்பி விற்றுத் திருத்தும் நிலையம் ஒன்றில் சேர்ந்தார். ஆனால் முதல் நேர்முகப் பரீட்சை முடிந்த அன்று மாலையே, வேலை கிடைக்குமா இல்லையா என்பது தெரியாத நிலையில், எம்மைத் தேடி வந்தார். இருபது நிமிடம் தம்முடன் பேசினார்கள் என்றார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“எங்கட காணி போனதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, பாதர்” என்றார். “பயிரைப் பற்றித்தான் கேட்டவை. எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னனான்.”